வாசலில் விட்ட செருப்பு

எந்த அறைக்குள் போனாலும் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டே போன என் அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீ போன பிறகும் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, உன் நாற்காலியைப் பார்த்து "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் இதில் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். கூச்சப்படாதே.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா என்னோடு மாரெட்பள்ளியில் இருக்கிறாள். மூட்டு வலியைத் தவிர அவளுக்குக் குறையொன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறாள், நம்புவது போல நாங்களும் இருக்கிறோம். உன் பேத்தியிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. பிடிக்காத கறியைத் தட்டில் வைத்தால் மட்டும், வேண்டாம் என்பதற்கு நீ சொல்கிற மாதிரி, அப்படியே உன் குரலில் "நக்கோ" என்கிறாள். உன் அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இறங்கியபோது கொண்டுவந்த தமிழில் அவளிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. உன் நக்கோ மட்டும் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஒன் கேமரா முடிஞ்சிதா பாப்பா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாயே, நினைவிருக்கிறதா? அப்போது உப்பலில் எங்கள் சின்னக் கம்பெனியில் அது பாதி வயரும் பாதி நம்பிக்கையுமாக மேசை மேல் கிடந்தது. இப்போது முடிந்துவிட்டது அப்பா. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது கல்யாண வீட்டில் படம் பிடிக்கிற கேமரா இல்லை. காலின் மேல் மெல்லிய லேசர் வெளிச்சத்தை விழ வைப்போம். தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். நம் குவார்ட்டர்ஸில் இருந்த பழைய டிவியில் சேனல் போனதும் கொசு மொய்க்கிற மாதிரி வருமே, அப்படி. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற இடத்தில் அந்தப் புள்ளிகள் கலங்கிப்போகும், ஓடாத இடத்தில் அப்படியே நிற்கும். எங்கே எவ்வளவு கலங்குகிறது என்று பார்த்து கம்ப்யூட்டர் நிறம் கொடுக்கும். நன்றாக ஓடினால் சிவப்பு, குறையக் குறைய மஞ்சள், பச்சை, ஓட்டமே இல்லாத இடம் நீலம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, தொடுவதுகூடக் கிடையாது. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உனக்கு இது பிடித்திருக்கும்.

முதலில் எங்கள் கைகளையே படம் பிடித்துப் பார்த்தோம். பிறகு கால்கள். எல்லாம் செக்கச் செவேலென்று வந்தன. ஒருநாள் அம்மாவை அழைத்துப்போய் பிரஷர் பார்க்கிற பட்டையை அவள் கையில் கட்டி இறுக்கினேன். உள்ளங்கை கண்ணெதிரே நீலமாகிப்போனது. பட்டையைத் தளர்த்தியதும் சிவப்பு விரல் நுனிவரை ஓடி வந்தது. அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒங்கப்பா காலை இதுல பாத்திருந்தா இன்னா தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அன்று அது உண்மையான பதில்.

பிறகு கருவியைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரியில் ஓர் அறை கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பிரிவு அது. அந்த அறையில் கருவியை நிறுத்திய அன்று நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் இரும்புக் காலில் மஞ்சள் குங்குமம் வைத்தேன். கதவு நிலையில் மாவிலைத் தோரணம் கட்டினேன். கூட வேலை செய்கிற பையன்கள் சிரித்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவன்தான் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான்.

ஆயுத பூஜைக்கு எங்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போவாயே, அந்த ஞாபகம்தான். வருஷம் முழுக்க கனத்த பூட்ஸோடு நடக்கிற தரையில் அன்று மட்டும் வெறுங்காலோடு நடப்பாய். எங்களையும் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வாய். கடைசல் மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலையை என் கையில் கொட்டி, "இதான் நமக்குச் சோறு போடுது" என்பாய். என் மெஷினுக்கும் நீ வந்து பொட்டு வைத்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன வினை இருந்தது என்று அப்போது தெரியாது.

படம் எடுப்பதற்கு முன் நோயாளி கொஞ்ச நேரம் அறையில் சும்மா உட்கார வேண்டும். நடந்து வந்த வேகம் அடங்கி ரத்த ஓட்டம் நிதானத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. வெளிநாட்டுக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று படித்து நாங்களும் அப்படியே செய்தோம். வந்தவர்களின் கால்களெல்லாம் நீலமாகவும் பச்சையாகவும் வந்தன. எங்கள் கால் சிவப்பு, நோயாளிகள் கால் நீலம். கருவி நோயைப் பிடித்துவிடுகிறது என்று நாங்கள் ஸ்வீட் வாங்கித் தின்றோம் அப்பா.

அங்கேதான் நரசம்மா வந்தாள். உப்பல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிறவள். என் வயதுதான் இருக்கும். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. விரலோடு எடுத்தால் போதுமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சர்ஜன் திருநெல்வேலிக்காரர், இங்கே வந்து சில வருஷம்தான் ஆகிறது. மற்ற சோதனைகளெல்லாம் இரண்டுங்கெட்டானாக வந்ததால் அவர் முடிவெடுக்க முடியாமல் இருந்தார்.

எங்கள் படத்தில் அவளுடைய வலது பாதம் முழுக்க நீலம். புண்ணே இல்லாத இடது பாதமும் நீலம். எங்கள் கருவி இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது என்பது விதி. சர்ஜனுக்கும் அது தெரியும். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியுமா?

"ரெண்டு காலும் இப்படிக் கெடக்கே மேடம். விரல மட்டும் எடுத்தா புண்ணு ஆறாது. மறுபடி மறுபடி வெட்டுத மாதிரி ஆயிரும்" என்றார். மறுநாள் ஆபரேஷன், முழங்காலுக்குக் கீழே என்று முடிவாகிவிட்டது.

நரசம்மா பேசியது தெலுங்கில். உனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு, படிக்கிறவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவள் அழவில்லை. "அவ்வளவு பெரிய அண்டாவை உட்கார்ந்துகொண்டு எப்படிக் கிண்டுவது?" என்று மட்டும் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள், சர்ஜனை இல்லை. உன்னைப் போலவே அவளுக்கும் பெரிய டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூச்சம்.

ஆபரேஷன் அன்று காலையில் கடைசியாக ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்று போனேன். எங்கள் அறை வாசலில், தோரணத்துக்குக் கீழே, செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசையில் நரசம்மாவின் செருப்பும் இருந்தது. புண் படாமல் இருக்க ஆஸ்பத்திரியிலேயே கொடுத்த மெத்தென்ற செருப்பு. அது இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக்கூடாது என்று நர்ஸ் அவளைத் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன். அதையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள்.

எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ பேங்க் மேனேஜர் ரூமுக்கு வெளியே செருப்பை விட்டாய். என் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்கு வெளியே விட்டாய். கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடைக்கு வெளியேகூட விட்டாய். "கடையிலாம் யாரும் கழட்ட மாட்டாங்கப்பா" என்றால், "உள்ள தரை பளபளன்னு கீதே பாப்பா, அழுக்காயிடும்ல" என்பாய். ஒருமுறை ஏதோ ஆபீஸ் வாசலில் விட்டதை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டான். உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தாய். சர்க்கரையில் உணர்ச்சி மரத்துப்போன கால், சுட்டதே தெரியவில்லை உனக்கு. கட்டைவிரலில் வந்த அந்தக் கொப்புளத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

காலை எடுத்த பிறகு, கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கட்டுப் பிரிக்கப் போனோமே. டாக்டர் அறை வாசலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினாய்.

"அத ஒண்ண மட்டும் ஏம்பா கழட்டற?" என்றேன்.

"உள்ள பெரிய டாக்டரு கீறாரு பாப்பா."

அன்று உன்னைக் கேலி செய்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். நரசம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலையில் சிரிப்பு வரவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன். ஷூ போட்டிருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. எங்களையே நாங்கள் படம் பிடித்தபோது கடைசி நிமிஷம்வரை ஷூவும் சாக்ஸும் போட்டிருந்தோம். நோயாளிகளோ பொட்டு வைத்த மெஷினையும் தோரணத்தையும் பார்த்து வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கிரானைட் தரையில், ஏசி காற்றில், வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்கள். நிதானத்துக்கு வரட்டும் என்று நாங்களே உட்கார வைத்தோம். குளிர்ந்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்ளே போய்விடும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். எனக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். தரையைத்தான் யாரும் பார்க்கவில்லை.

உள்ளே போய் முட்டி போட்டு உட்கார்ந்து நரசம்மாவின் நல்ல காலைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தரையில் கை வைத்தேன், அதுவும் அப்படியே. தொடாமல் படம் எடுக்கும் கருவி என்று பெருமை பேசிப் பேசி, ஒரு காலைக்கூட நான் அதுவரை தொட்டிருக்கவில்லை.

ஏசியை நிறுத்தினேன். அவளை மேசையில் படுக்க வைத்து, என் சால்வையையும் வார்டிலிருந்து வாங்கி வந்த கம்பளியையும் காலில் சுற்றினேன். "என்னம்மா ஆச்சு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம் இரும்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் சொல்லப் பயம். சூடு ஏறிய பிறகும் நீலமாகவே வந்தால்?

கம்பளியை எடுத்துவிட்டுப் படம் எடுத்தேன். குதிகால் சிவப்பு. பாதத்தின் நடுவில் மஞ்சளும் சிவப்பும். விரல்களின் அடிவரை ஓட்டம் இருந்தது. கறுத்த இரண்டு விரல்கள் மட்டும் நீலமாகவே நின்றன. அவசரத்தில் கம்ப்யூட்டரில் சேமிப்பதற்குள் இரண்டு தடவை தப்பான பட்டனை அழுத்திவிட்டேன்.

சர்ஜன் ஆபரேஷன் உடுப்போடு வந்தார். "என்ன மேடம், முந்தி ஒரு படம், இப்பம் ஒரு படம்லா காட்டுதிய?"

"டாக்டர், முதல்ல நாங்க படம் எடுத்தது இந்த அம்மா காலை இல்ல. உங்க ஆஸ்பத்திரி தரையை."

விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "இன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம். என் டெஸ்ட்டையும் நான் முதல்லேருந்து பாக்கேன். கால நல்லா மூடி வச்சு" என்றார்.

பார்த்தார். இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார்கள்.

புண் இன்னும் முழுசாக ஆறவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் நரசம்மா குதிகாலை ஊன்றி நடக்கிறாள் அப்பா. அதுவரை எடுத்த படங்களையெல்லாம் எங்கள் முதலாளியிடம் சொல்லித் தூக்கிப் போட்டோம். சோதனை மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவம்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாள்.

"அப்போ அவரு காலும்?"

உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் வராந்தா முழுக்க வழுவழுவென்று கல்தரை. செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு, முறை வரும்வரை நீ வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். டிசம்பர் மாசம். உள்ளே போனதும் டாக்டர் உன் காலைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கே, ரத்தமே வரலையே" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உன் காலில் இருந்தது நோயின் சில்லிப்பா, தரையின் சில்லிப்பா?

திருநெல்வேலி சர்ஜனிடம் கேட்டேன். "தொட்டுப் பாத்து மட்டும் யாரும் கால எடுக்க மாட்டாவ மேடம். எல்லா டெஸ்ட்டும் பாத்திருப்பாவ" என்றார். பிறகு அவரே, "ஆனா அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது. ஒங்க மனசுக்காவ பொய் சொல்ல மாட்டேன்" என்றார். இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

உனக்காவது தெரியுமா அப்பா? நீ இருக்கிற இடத்தில் இதற்கெல்லாம் பதில் கிடைக்குமா?

இப்போது அறையில் தரைவிரிப்பு போட்டாயிற்று. ஏசியைக் குறைத்தாயிற்று. வாசலில் தெலுங்கு, உருது, இந்தி மூன்றிலும் 'செருப்புடன் உள்ளே வரவும்' என்று எழுதி ஒட்டினேன். வருகிறவர்கள் அதை நின்று படிக்கிறார்கள். படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார்கள். "எழுதியிருக்கே பெரியவரே" என்றால், "மெஷினுக்குப் பொட்டு வச்சிருக்கீங்களேம்மா" என்கிறார் ஒருவர். தோரணத்தை அவிழ்த்தேன், குங்குமத்தை மட்டும் துடைக்க மனசு வரவில்லை. துடைத்தாலும் அவர்கள் கழற்றத்தான் செய்வார்கள். உன்னோடு இத்தனை வருஷம் இருந்த எனக்குத் தெரியாதா?

அதனால் ஒரு வேலை செய்கிறேன். போன வாரம் நரசம்மா கட்டுப் பிரிக்க வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தாங்கித் தாங்கி உள்ளே வந்தாள். நான் வெளியே போய் அந்தச் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தேன். அவள் பதறி எழுந்தேவிட்டாள். "ஐயோ, மீ சேத்துல நா செப்புலா?" என்றாள். உங்கள் கையில் என் செருப்பா என்று. நான் உட்கார்ந்து, அந்தக் குறைக்காலில் செருப்பை மாட்டிவிட்டேன்.

அப்பா, அந்த டிசம்பரில் உன் செருப்பும் ஏதோ ஒரு வாசலில் கிடந்தது. அதை எடுத்து வந்து உன் காலில் போட்டிருக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது. இனி என் அறை வாசலில் யார் செருப்பு கிடந்தாலும், நான் அங்கே இருக்கிறவரை, அதை நானே உள்ளே எடுத்து வருவேன். காலைத் தொட்டுப் பார்க்காமல் கேமராவை எடுக்க மாட்டேன். அவர்கள் வேண்டாம் என்பார்கள், கூசுவார்கள், கையைப் பிடித்துத் தடுப்பார்கள். எனக்கு அது உன் குரலில் கேட்கும், "நக்கோ பாப்பா" என்று.

நான் கேட்கப்போவதில்லை.

உன் சொல்பேச்சுக் கேட்காத மூத்த மகள்,
பாப்பா